காட்டுயிர் மேலாண்மை படிக்க வருகிறவர்களுக்கு

மாதம் ஒருமுறையாவது யாராவது கேட்டுவிடுகிறார்கள், "எனக்கு விலங்குகள்னா உயிர், வைல்ட்லைஃப் படிக்கலாமா?" என்று. கேட்பது பெரும்பாலும் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள், சில நேரம் அவர்களுடைய அப்பாக்கள். (அப்பாக்களின் கேள்வி வேறு, வேலை கிடைக்குமா என்பது. அதற்கும் வருகிறேன்.) ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவைத்துவிடுகிறேன். நான் எம்.எஸ்ஸி. வைல்ட்லைஃப் பயாலஜி படித்தவன், அப்புறம் சில வருடங்கள் ப்ராஜெக்ட் ப்ராஜெக்டாகக் காடு சுற்றியவன்.

முதலில் ஒன்றை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பில் விலங்கைப் பார்க்கும் நேரம் ரொம்பக் கொஞ்சம். எண்ணும் நேரம் அதிகம், எண்ணியதைக் கம்ப்யூட்டரில் போட்டு மல்லுக்கட்டும் நேரம் அதைவிட அதிகம், காட்டை ஒட்டி வாழும் மனிதர்களிடம் உட்கார்ந்து பேசும் நேரமும் அதே அளவுக்கு ஆகிவிடும். "கணக்கு வராது, அதனால்தான் பயாலஜி எடுத்தேன்" என்று வந்தவர்கள் என் வகுப்பில் பாதிப்பேர். நானும் அதில் ஒருவன். முதல் செமஸ்டரில் புள்ளியியல் பேப்பர் எங்களை உரித்துத் தொங்கவிட்டது.

கணக்கு எதற்கு என்று கேட்டால் சரிஸ்கா கதையைத்தான் சொல்ல வேண்டும். ராஜஸ்தானில் உள்ள புலிகள் காப்பகம் அது. அந்தக் காலத்தில் கால்தடத்தை வைத்துப் புலிகளை எண்ணினார்கள், இந்தத் தடம் இந்தப் புலியுடையது என்று பார்வையாலேயே பிரித்துவிடலாம் என்ற நம்பிக்கையில். அப்படி எண்ணி, பதினைந்துக்கும் மேல் புலிகள் இருப்பதாகக் கணக்கு காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், 2004 கடைசியிலும் 2005 தொடக்கத்திலும் போய்த் தேடினால் ஒன்றுகூட இல்லை. வேட்டையில் மொத்தமும் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் தடத்தை வைத்து எண்ணும் முறையைக் கைவிட்டு, தானியங்கி கேமராவும் புள்ளியியலும் சேர்ந்த முறைக்கு நாடு முழுக்க மாறினார்கள். 2022 கணக்கெடுப்பில் இந்தியாவில் 3,682 புலிகள் என்று செய்தியில் படித்திருப்பீர்கள். அது தலையெண்ணி வந்த எண் இல்லை, ஒரு மதிப்பீடு. மேல் வரம்பு 3,925 என்று சேர்த்தே சொல்லியிருந்தார்கள். அந்த வரம்பு எப்படி வருகிறது, ஏன் வருகிறது என்று புரிந்துகொள்வதில்தான் இந்தப் படிப்பின் பாதி இருக்கிறது.

முதல் வேலை: காசு கட்டும் முன் உங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள்

உங்கள் ஊரில் ஒரு குளமோ கண்மாயோ இருக்கும். முப்பது நாள், காலை ஆறு மணிக்கு அங்கே போய் ஒரு மணி நேரம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளைப் பெயரோடும் எண்ணிக்கையோடும் நோட்டில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அடையாளம் எழுதி, வீட்டுக்கு வந்து தேடுங்கள். மெர்லின் என்று ஒரு செயலி இருக்கிறது, படத்தையும் சத்தத்தையும் வைத்து உதவும். எழுதியதை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள். பத்தாம் நாளுக்கு மேல் அதே மடையான், அதே நீர்க்காகம், அதே காக்கா என்று சலிப்பு தட்டும். சலிப்புத் தட்டியும் பதினோராம் நாள் போகிறீர்களா என்பதுதான் சோதனை, ஏனென்றால் பின்னால் புலிக்காட்டிலும் இதே வேலைதான், நோட்டு மட்டும்தான் மாறும்.

தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, யார் வேண்டுமானாலும் சேரலாம், கட்டணம் கிடையாது. வனத்துறை நடத்தும் ஈரநிலப் பறவைகள் கணக்கெடுப்பிலும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். மாவட்ட வன அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். இதில் ஒரு லாபமும் உண்டு. பின்னால் நேர்காணலில் "ஏன் இந்தப் படிப்பு?" என்று கேட்டால் "சின்ன வயசிலிருந்தே விலங்குகள் பிடிக்கும்" என்று எல்லோரும் சொல்வதைச் சொல்லாமல், மூன்று வருட நோட்டை மேசையில் வைக்கலாம்.

இளங்கலையில் எதை எடுப்பது

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வைல்ட்லைஃப் என்று பெயரிலேயே இருக்கும் பட்டம்தான் வேண்டும் என்று தேடித் தேடி அலைவார்கள். தேவையில்லை. இளங்கலையில் விலங்கியல், தாவரவியல், வனவியல் ஏதாவது ஒன்று போதும், முதுகலையில் காட்டுயிருக்கு வந்துவிடலாம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வுக்கு எந்தப் பட்டம் வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு: கால்நடை மருத்துவம், தாவரவியல், வேதியியல், புவியமைப்பியல் (அதாவது ஜியாலஜி), கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் இவற்றில் ஒன்றாவது பாடமாக இருந்த இளங்கலை, அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம். அந்தப் பட்டியலில் "வைல்ட்லைஃப்" என்ற சொல்லே இல்லை, சுற்றுச்சூழல் அறிவியலும் இல்லை. மெக்கானிக்கல் இன்ஜினியர் எழுதலாம், சுற்றுச்சூழல் அறிவியலை மட்டும் படித்தவர் எழுத முடியாது. வேடிக்கைதான், ஆனால் விதி அப்படி. அதனால் புதுப்பெயர் கொண்ட பட்டத்தில் சேரும் முன், மதிப்பெண் பட்டியலில் விலங்கியலோ தாவரவியலோ பாடமாக வருமா என்று கல்லூரியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வனவியல் படிக்க ஆசையென்றால் மேட்டுப்பாளையத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி இருக்கிறது, நான்கு வருடப் படிப்பு. மரம், மண், நர்சரி, வன அளவை என்று அகலமாகப் போகும், அதில் காட்டுயிர் ஒரு பங்கு. கால்நடை மருத்துவம் படித்தும் இந்தத் துறைக்கு வரலாம், மயக்க ஊசி போடுவதும் இறந்த யானைக்குப் பிரேதப் பரிசோதனை செய்வதும் அவர்கள் வேலை. ஆனால் விலங்கைத் தொட்டு வைத்தியம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து எங்கள் படிப்புக்கு வராதீர்கள், நாங்கள் தொடவே மாட்டோம், தூரத்தில் நின்று எண்ணுவோம்.

முதுகலை எங்கே

தமிழ்நாட்டுக்குள் இரண்டு இடங்களை உடனே சொல்லலாம்: மயிலாடுதுறை மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி, ஊட்டியில் அரசு கலைக் கல்லூரி. இரண்டிலும் எம்.எஸ்ஸி. வைல்ட்லைஃப் பயாலஜி உண்டு. ஊட்டிக்கு முதுமலை பக்கம், மன்னம்பந்தலிலிருந்து கோடியக்கரை எட்டும் தூரம். பக்கத்துக் காடு எது என்பது சின்ன விஷயமாகத் தோன்றும், இரண்டு வருடம் பஸ்ஸில் போய்வந்தால் தெரியும் அதன் அருமை.

வெளியே போகத் தயார் என்றால் கேரளத்தில் வெள்ளானிக்கரை வனவியல் கல்லூரி, கர்நாடகத்தில் சிவமொக்கா பக்கம் குவெம்பு பல்கலைக்கழகம் (இங்கே துறையின் பெயரிலேயே மேலாண்மை இருக்கிறது), வடக்கே அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம். எல்லோரும் ஆசைப்படுவது இரண்டு இடங்களுக்கு. ஒன்று டேராடூனில் இந்தியக் காட்டுயிர் நிறுவனம், 1982-ல் தொடங்கியது. இன்னொன்று பெங்களூரு என்.சி.பி.எஸ். என்ற தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் 2004-ல் தொடங்கிய காட்டுயிர் எம்.எஸ்ஸி. இரண்டாவதில் ஒன்றுவிட்டு ஒரு வருடம்தான் சேர்க்கை, எடுப்பதும் பதினைந்து பேர் அளவுக்குத்தான். இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு, அப்புறம் நேர்காணல். அங்கே இடம் கிடைக்கவில்லை என்று ஒரு வருடத்தை வீட்டில் உட்கார்ந்து கழிக்காதீர்கள். என்னோடு படித்து இன்று நல்ல பெயரோடு இருப்பவர்களில் பலர் அந்த இரண்டு இடத்திலும் படிக்காதவர்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் இணையதளத்தையும் பார்க்காமல், அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் ஒருவரைப் பிடித்து மூன்று கேள்வி கேளுங்கள். இரண்டு வருடத்தில் எத்தனை நாள் காட்டில் தங்கினீர்கள்? ஆய்வேட்டுக்கான தரவை நீங்களே எடுத்தீர்களா, இல்லை சீனியருடைய தரவைத் திருப்பிப் போட்டீர்களா? புள்ளியியலை யார் எடுக்கிறார், அவர் கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டுவாரா, கரும்பலகையோடு நிறுத்திவிடுவாரா? "ரெண்டு நாள் டூர் கூட்டிட்டுப் போனாங்க, செம ஜாலி" என்று முதல் கேள்விக்குப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

சேர்ந்த பிறகு, முதல் வருடம்

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் இலவசம். வகுப்பில் சொல்லிக்கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் முதல் செமஸ்டரிலேயே தொடங்கிவிடுங்கள். உங்கள் குளத்து நோட்டையே தரவாக வைத்துப் பழகலாம்.

அடுத்தது செடி கொடி. எங்கள் வகுப்பில் எல்லோரும் புலி, சிறுத்தை, செந்நாய் என்றே கனவு கண்டோம், புல்லை யாரும் மதிக்கவில்லை. காட்டுக்குள் போன பிறகுதான் உறைத்தது. புள்ளிமானும் காட்டெருமையும் எங்கே நிற்கும் என்பதைப் புல் தீர்மானிக்கிறது, அவை நிற்கும் இடத்துக்குத்தான் புலி வரும். மேலாண்மை என்று வனத்துறை செய்யும் வேலையில் பெரும்பங்கு அந்நியக் களைச்செடிகளை அகற்றுவதுதான்: உண்ணிச்செடி, சீமைக்கருவேலம், முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் பரவியிருக்கும் மஞ்சள் பூப் பூக்கும் சென்னா மரம். பார்க்க அழகாக இருக்கும், அடியில் புல் முளைக்காது. ஐம்பது மரமும் இருபது புல்லும் பெயர் சொல்லத் தெரிந்த மாணவருக்குக் களத்தில் இருக்கும் மரியாதையே தனி.

களத்தில் எண்ணுவது

நேர்கோட்டுப் பாதை முறை என்று ஒன்று கற்றுத்தருவார்கள். காட்டுக்குள் நேராக வெட்டிய ஒரு பாதையில், இரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், விடியலில் சத்தமில்லாமல் நடக்க வேண்டும். மான் கூட்டம் தெரிந்ததும் நின்று, எத்தனை என்று எண்ணி, ரேஞ்ச்ஃபைண்டரில் தூரத்தையும் திசைகாட்டியில் கோணத்தையும் எடுத்து எழுத வேண்டும். தூரத்தைக் கோணத்தின் சைனால் பெருக்கினால் பாதையிலிருந்து செங்குத்தாக அந்தக் கூட்டம் எவ்வளவு தள்ளி நின்றது என்று வரும். (பத்தாம் வகுப்பில் தூங்கிய முக்கோணவியல் இங்கே வந்து எழுப்பும்.) பாதையை விட்டுத் தள்ளிப்போகப் போக விலங்குகள் கண்ணில் படுவது எப்படிக் குறைகிறது என்பதை வைத்து, நாம் பார்க்காமல் விட்டவை எத்தனை என்று மதிப்பிடுவதுதான் இதன் சூட்சுமம். அதனால் முதலில் பார்த்தபோது அது நின்ற இடத்துக்குத்தான் தூரம் எடுக்க வேண்டும். உங்களைக் கண்டு பத்தடி ஓடி நின்ற பிறகு எடுத்தால் கணக்கு முழுக்கக் கோணல். அது நின்ற மரத்தை மனதில் குறித்துக்கொண்டு அந்த மரத்துக்கு எடுங்கள்.

கேமரா வைப்பது கேட்க எளிது. புலிக்கு என்றால் பாதையின் இரண்டு பக்கமும் ஒன்றுக்கு எதிரே ஒன்றாக வைக்க வேண்டும், ஏனென்றால் எந்தப் புலி என்று வரிகளை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம், வலப்பக்க வரிகளும் இடப்பக்க வரிகளும் வேறு வேறு. முழங்கால் உயரத்தில் கட்டுங்கள், சூரியனைப் பார்த்து வைக்காதீர்கள், முன்னால் உள்ள புல்லைச் செதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றில் ஆடும் புல் மட்டும் ஆயிரக்கணக்கில் படமாகியிருக்கும். யானை வரும் இடமென்றால் கேமராவை இழந்துவிடவும் தயாராக இருங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம், ஆறு கேமரா, எந்த விலங்கு எந்த நேரத்தில் நடமாடுகிறது என்பதுதான் தலைப்பு. பேட்டரி மாற்றினால் கேமராவின் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியாது, வைத்த நேரத்தையும் நோட்டில் எழுதவில்லை. இருபத்து நான்கு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், நட்டநடு வெயிலில் கடமான் நிற்கிறது, கீழே இரவு 1.40 என்று இருக்கிறது. நேரம்தான் ஆய்வே, நேரமே போச்சு. கைடு திட்டவில்லை, "மறுபடி போடு" என்றார், அவ்வளவுதான். அதைவிடத் திட்டியிருக்கலாம். இப்போது எந்தக் கேமராவைப் போட்டாலும், எடுத்தாலும், தேதி, நேரம், இடம் எழுதிய ஒரு சிலேட்டை முன்னால் பிடித்து முதல் படமும் கடைசிப் படமும் எடுத்துவிடுவேன். கடிகாரம் தப்பாக இருந்தாலும் அந்தப் படத்தை வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.

அண்ணன்மார்களிடம் படியுங்கள்

காட்டுக்குள் உங்களோடு வருகிறவர் வேட்டைத் தடுப்புக் காவலராக இருப்பார். பெரும்பாலும் அந்த மலையையே ஊராகக் கொண்ட இருளர், குறும்பர், காடர், மலசர், காணி சமூகத்தவர். சம்பளம் குறைவு, அறிவு அதிகம். "நில்லு" என்று அவர் சொன்னால் ஏன் என்று கேட்காமல் நில்லுங்கள், காற்றில் வந்த வாசனையில் முன்னால் யானை நிற்பது அவருக்குத் தெரிந்திருக்கும், உங்களுக்குப் பக்கத்தில் போய்த் தும்பிக்கை தெரியும்போதுதான் தெரியும். யானையின் முன்னங்காலின் சுற்றளவைப் போல் இரண்டு மடங்கு அதன் தோள் உயரம் என்று நான் புத்தகத்தில் படித்துவிட்டுப் பெருமையாகச் சொன்னபோது, கூட வந்த அண்ணன் கையிலிருந்த குச்சியால் ஈரமண்ணில் பதிந்த தடத்தைச் சுற்றி அளந்து காட்டி, "இதுகூடத் தெரியாமலா இத்தனை வருசம் நடக்கிறோம்" என்று சிரித்தார். யானைச் சாணத்தைக் காலால் புரட்டிப் பார்த்தே எப்போது போனது, என்ன தின்றது என்று சொல்லிவிடுவார்.

அண்ணா என்று கூப்பிடுங்கள், அவர் சாப்பிட்ட பிறகோ அவரோடு சேர்ந்தோ சாப்பிடுங்கள், ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் பெயரைச் சரியான எழுத்தோடு போடுங்கள். கைடுக்கு அரைப்பக்கம் எழுதிவிட்டு "மற்றும் களப் பணியாளர்களுக்கு நன்றி" என்று முடிக்கும் ஆய்வேடுகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

ஆய்வுத் தலைப்பும் அனுமதியும்

எல்லோரும் தடுக்கி விழுவது அனுமதியில். சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ம் பிரிவின்படி அனுமதி வேண்டும், தலைமை வன உயிரினக் காப்பாளரிடமிருந்து வர வேண்டும். விலங்கைப் பிடிக்கவோ கழுத்தில் ரேடியோ காலர் மாட்டவோ வேண்டும் என்றால் அது 12-ம் பிரிவு, அது இன்னும் பெரிய மலை, எம்.எஸ்ஸி.யில் அந்தப் பக்கம் தலைவைக்காதீர்கள். கடிதம் கல்லூரியிலிருந்து போய், சென்னையில் சுற்றி, கள இயக்குநரிடம் இறங்கி, வனச்சரக அலுவலகத்துக்கு வர மாதக்கணக்காகும். நான்காம் செமஸ்டரில் களப்பணி என்றால் இரண்டாம் செமஸ்டரிலேயே விண்ணப்பியுங்கள். நகலைக் கையோடு வைத்திருங்கள், வரும்போதும் போகும்போதும் வனச்சரகரிடம் முகம் காட்டிவிடுங்கள். எடுத்த தரவை எழுதி ஓர் அறிக்கையாகக் கொடுத்தீர்களென்றால் உங்களுக்குப் பின்னால் வரும் ஜூனியருக்கு வழி திறக்கும். கொடுக்காமல் போன சீனியர்களால் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

அனுமதி வராவிட்டால் என்ன செய்வது? காட்டுக்கு வெளியே உள்ள காட்டுயிரைப் படியுங்கள். மயில் எந்தப் பயிரில் எப்போது இறங்குகிறது, விவசாயிக்கு எவ்வளவு நஷ்டமாகிறது என்று வயலில் நின்று கணக்கெடுக்கலாம். ஊர்ப் புளியமரத்தில் தொங்கும் பழந்தின்னி வௌவால்களை எண்ணலாம். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கட்டுப்பாடு இத்தனை காலம் எப்படி நிற்கிறது, யார் காக்கிறார்கள் என்று பேசிப் பதிவு செய்வதும் மேலாண்மைப் படிப்புதான். என்னைக் கேட்டால் புலியை விட்டுவிட்டு இப்படிப்பட்ட தலைப்பை எடுப்பதே புத்திசாலித்தனம். தரவு நிச்சயமாகக் கிடைக்கும்.

மேலாண்மை என்ற சொல்லுக்கு எனக்குப் பிடித்த உதாரணம் வால்பாறை. தேயிலைத் தோட்டம், சுற்றிலும் ஆனைமலைக் காடு, நடுவில் யானைகள் போய்வருகின்றன. அங்கே வருடக்கணக்காக யானைகளைப் பின்தொடர்ந்தவர்கள் கண்டது, இறந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பக்கத்தில் யானை நிற்பதே தெரிந்திருக்கவில்லை என்பது. வேலியும் அகழியும் போடச் சொல்லாமல், இன்று மாலை யானை எங்கே நிற்கிறது என்பதை உள்ளூர்க் கேபிள் டிவியில் ஓடவிட்டார்கள், செல்போனுக்குச் செய்தி அனுப்பினார்கள், பாதை ஓரங்களில் சிவப்பு விளக்குகள் வைத்தார்கள். உயிரிழப்பு குறைந்தது. யானையைப் பற்றித் தெரிந்தது பாதி, எஸ்டேட் தொழிலாளி எத்தனை மணிக்குக் கடைக்குப் போய்த் திரும்புவார் என்று தெரிந்தது மீதி.

வேலை, அப்பாக்களுக்காக

உண்மையைச் சொல்கிறேன், படித்து முடித்ததும் நிரந்தர வேலை என்பது அபூர்வம். முதல் சில வருடம் ஆறு மாதம், ஒரு வருடம் என்று ப்ராஜெக்ட் வேலைதான், தொண்டு நிறுவனங்களிலோ, ஆனைகட்டி சலீம் அலி மையம் போன்ற ஆய்வு நிறுவனங்களிலோ. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கிவிட்டால் நிலைமை வேறு, 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உண்டு, பிஎச்.டி.யைத் தைரியமாகத் தொடங்கலாம். அது இல்லாத ப்ராஜெக்ட் உதவியாளர்களுக்கு நிறையக் குறைவு. அரசு வேலைக்கு இந்திய வனப்பணி, டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வனத் தொழில் பழகுநர் தேர்வு. வனப்பணிக்கு முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ்.க்கு எழுதுவதே, உடல்தகுதியில் ஆண்கள் நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர், பெண்கள் 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும். எம்.எஸ்ஸி. முடித்தவர்களுக்கு அது ஒன்றுதான் சுலபம்.

மூட்டை முடிச்சு

பைனாகுலர் 8x42 போதும், சேர்ந்த உடனே வாங்காதீர்கள், துறையில் இருப்பதை இரவல் வாங்கிப் பழகிவிட்டு வாங்குங்கள். மங்கிய பச்சை, காக்கி, மண் நிற உடை. சென்ட் வேண்டாம். மழைக்காலச் சோலைக்காட்டில் அட்டைக்கு நீண்ட காலுறை போடுங்கள், தேங்காய் எண்ணெயில் மூக்குப்பொடியைக் குழைத்துப் பூசுவது பழைய கை வைத்தியம், நன்றாகவே வேலை செய்கிறது. உண்ணியை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிவமொக்கா பக்கம் 1957-ல் கண்டுபிடித்த கியாசனூர் காட்டுக் காய்ச்சல் உண்ணி வழியாகத்தான் பரவுகிறது. குரங்குகள் செத்துக் கிடந்தால் அந்தப் பக்கம் போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள், களத்திலிருந்து வந்த பிறகு காய்ச்சல் வந்தால் காட்டில் இருந்ததை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

அப்புறம் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். முகாமில் சிக்னல் இருக்காது, வாரம் ஒருநாள் அரிசி வாங்க ஜீப் கீழே இறங்கும், அன்றைக்குத்தான் பேச முடியும் என்று. நான் சொல்லாமல் போனேன். ஒன்பதாம் நாள் சாயங்காலம் வனச்சரக அலுவலக வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார், கையில் முறுக்குப் பையோடு.